அறிவன முதலில், காண்பன பிறகு!

கெமிஸ்ட்ரி லேபில் அதிகமாகச் செலவாகும் திரவம் எது? அடர் கந்தக அமிலமா? சில்வர் நைட்ரேட்டா? இரண்டும் இல்லை. ஒயிட்னர்!

சிரிக்காதீர்கள். மூன்று வருடமாக வேதியியல் படிக்கிறேன், இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒயிட்னருக்கு அடுத்த இடம் ரப்பருக்கு. இன்றைக்கு நான் சொல்லப்போவது எந்த வாத்தியாருக்கும் பிடிக்காது. சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே சொல்லிவிடுகிறேன்: நம் கல்லூரிகளில் ரெக்கார்டு நோட் என்று ஒன்று எழுத வைக்கிறார்களே, அது அறிவியலைக் கற்றுத் தரவில்லை. அழகான கையெழுத்தில் பொய் எழுதக் கற்றுத் தருகிறது. அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, லேபில் அமிலக் கறையோடு கிடக்கும் அப்சர்வேஷன் நோட்டுக்கு மட்டும் மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

அறிவியல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் லேபுக்கு இரண்டு நோட்டு. ஒன்று அப்சர்வேஷன். சோதனை செய்யும்போதே எழுதுவது (என்று பெயர்). இன்னொன்று ரெக்கார்டு. அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, வீட்டில் உட்கார்ந்து எழுதுவது. இடது பக்கம் கோடு இருக்காது, அங்கே பென்சிலில் படமும் அட்டவணையும். வலது பக்கம் கோடு போட்டது, அங்கே பேனாவில் செய்முறை. முதல் பக்கத்தில் 'இது இன்னாருடைய சொந்த வேலை' என்று சான்றிதழ், அதில் துறைத்தலைவர் கையெழுத்து. இந்தக் கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குள் நுழைய முடியாது.

அந்தச் சான்றிதழ்தான் மொத்த நோட்டிலும் முதல் பொய். சீனியரிடமிருந்து அக்காவுக்கு, அக்காவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து வாட்ஸப் குரூப்புக்கு என்று ஒரே ரெக்கார்டு தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. சீனியர் ஒருவர் பண்ணிய எழுத்துப்பிழை எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நோட்டில் அப்படியே இருந்தது. குடும்பச் சொத்து மாதிரி.

சரி, காப்பி அடிப்பது எல்லாப் பாடத்திலும் உண்டுதானே, இதில் என்ன புதுசு என்பீர்கள். இருக்கிறது.

பிளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்குத் தெரியும். சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்தி. என்ன செய்தாய், என்ன பார்த்தாய், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய். எவ்வளவு அருமையான மூன்று வார்த்தைகள்! அறிவியல் முழுவதும் இந்த மூன்று பத்திக்குள் அடங்கிவிடும். நாம் என்ன செய்கிறோம்? கொடுத்த உப்பு நீலமா? காப்பர். வாட்ச் கிளாஸைத் தூக்கி மோந்து பார்த்தால் அம்மோனியா வாசமா? அமோனியம். பக்கத்து பெஞ்சில் கேட்டால் மிச்சமும் தெரிந்துவிடும். விடை தெரிந்த பிறகு மனப்பாடம் செய்த அட்டவணையைக் கீழிருந்து மேலாக நிரப்புகிறோம். 'பழுப்பு வளையம் தோன்றுகிறது' என்று எழுதி முடித்த பிறகுதான் சோதனைக்குழாயையே கழுவப் போகிறார்கள். அறிவன முதலில், காண்பன பிறகு. வளையம் வராவிட்டால் தப்பு வளையத்தின் மேல்!

இனி என் சொந்தக் கதை. இதுதான் என்னை இப்படிப் புலம்ப வைத்தது.

இரண்டாம் ஆண்டில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன். கொடுத்த கரைசலில் எவ்வளவு ஃபெரஸ் இரும்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு கட்டம். முதல் கட்டத்தில், வலிமை தெரிந்த மோர் உப்புக் கரைசல் 20 மி.லி. எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, ப்யூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டை விட்டு அதன் வலிமையைக் கண்டுபிடிப்பது. இது வகுப்பு முழுவதற்கும் ஒரே கரைசல், ஒரே விடை. இரண்டாம் கட்டத்தில், ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவில் கொடுத்த கரைசலை அதே பெர்மாங்கனேட்டால் அளப்பது.

முதல் கட்டத்தில் வகுப்பு முழுக்க 19.6 என்று குரல் கேட்டது. எனக்கு 20.3. திரும்பச் செய்தேன், 20.3. இன்னொன்றும் கவனித்தேன். முடிவில் வரும் இளஞ்சிவப்பு நிறம் நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் மறைந்தது. எங்கள் டேபிளில் நாலு பேர். நாலு பேருக்கும் 20-க்கு மேல்தான். ஒருவரை ஒருவர் பார்த்தோம். மேடம் வருவதற்குள் நாலு பேரும் 19.6 என்று எழுதிவிட்டோம். நிறம் மறைந்ததை யாரும் எழுதவில்லை. அதற்கு எந்தக் கட்டமும் இல்லையே!

இரண்டாம் கட்டத்தில் மற்றவர் விடையைப் பார்க்க வழியில்லை. வந்ததை எழுதினோம். கணக்குப் போட்டால் நாலு பேருக்கும் இரும்பு மூன்றரை சதவீதத்துக்கு மேல் அதிகம். எங்கள் துறையில் 2 சதவீதத்துக்குள் பிழை இருந்தால்தான் முழு மதிப்பெண். நாலு பேருக்கும் மதிப்பெண் போச்சு, கவனக்குறைவு என்று திட்டும் கிடைத்தது.

அடுத்த வாரம் உண்மை வெளியே வந்தது. எங்கள் டேபிளில் 'நீர்த்த கந்தக அமிலம்' என்று எழுதியிருந்த பாட்டிலில் இருந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நிரப்பும்போது மாறிவிட்டது. மேடம் இரண்டு துளி எடுத்து சில்வர் நைட்ரேட் விட்டார். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு. பிளஸ் டூ பிள்ளை கூடச் சொல்லும், குளோரைடு என்று. இரும்பு இருக்கும் இடத்தில் பெர்மாங்கனேட் குளோரைடையும் சேர்த்துத் தின்னும். அதனால் ரீடிங் ஏறும், நிறமும் நிற்காது. இந்த டைட்ரேஷனுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது என்று புத்தகத்திலேயே இருக்கிறது. நானே ரெக்கார்டில் அழகாக எழுதியும் இருக்கிறேன்!

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? அன்றைக்கு இரண்டு கட்டத்துக்கும் ஒரே பாட்டில் அமிலம்தான். இரண்டு ரீடிங்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் ஏறியிருக்கும். கணக்கில் ஒன்றை இன்னொன்றால் வகுக்கிறோம். நான் 20.3 என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போய், விடை சரியாக வந்திருக்கும். நான் 'திருத்தியதால்தான்' விடை கெட்டது. தப்பான அமிலம் கூட என்னை மன்னித்திருக்கும். என் ஒயிட்னர் மன்னிக்கவில்லை.

நாலு நோட்டிலும் 20.3, 20.2 என்று இருந்திருந்தால், நிறம் மறைகிறது என்று ஒரு வரி இருந்திருந்தால், மேடம் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். ஒரே டேபிள், ஒரே பாட்டில். துப்பறியும் கதை மாதிரி எல்லாத் தடயமும் இருந்தது. தடயத்தை அழித்தவர்கள் நாங்களே.

'ஒரு டைட்ரேஷனுக்கு இவ்வளவு பில்டப்பா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை.

1785. ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கிலேயர், காற்றில் உள்ள நைட்ரஜன் முழுவதையும் ஆக்சிஜனோடு சேர்த்து, மின்பொறி பாய்ச்சித் தீர்த்துக்கட்டப் பார்த்தார். எவ்வளவு பாய்ச்சினாலும் கடைசியில் ஒரு சின்னக் குமிழி மிச்சம். எடுத்துக்கொண்டதில் 120-ல் ஒரு பங்குக்கு மேல் இல்லை. நாமாக இருந்தால் 'வாயு முழுவதும் தீர்ந்தது' என்று எழுதிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்போம். அவர் அந்தக் குமிழியை அளந்து எழுதி வைத்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரியாததை எழுதினார்.

நூறு வருடம் கழித்து ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்தார். காற்றிலிருந்து எடுத்தால் லிட்டருக்கு 1.2572 கிராம். வேதிப்பொருளிலிருந்து தயாரித்தால் 1.2505 கிராம். வித்தியாசம் அரை சதவீதம் சொச்சம். எங்கள் துறையில் இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அவர் விடவில்லை. 1892-லேயே, இரண்டு வழியில் எடுத்த நைட்ரஜனின் அடர்த்தி ஒத்துப்போகவில்லை என்று 'நேச்சர்' இதழில் போட்டு, யாருக்காவது காரணம் தெரியுமா என்று கேட்டார். வில்லியம் ராம்சே சேர்ந்துகொண்டார். 1894-ல் ஆர்கான் கிடைத்தது. நாம் மூச்சு விடும் காற்றில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு இருக்கும் வாயு, அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. கேவண்டிஷின் குமிழி அதுதான். 1904-ல் ராலேவுக்கு இயற்பியல் நோபல், ராம்சேவுக்கு வேதியியல் நோபல்.

பொருந்தாத எண்ணை ஒயிட்னர் போட்டு மறைக்காத இருவரால் ஒரு தனிமம் கிடைத்தது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஜான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளம் விஞ்ஞானி. 'சயின்ஸ்', 'நேச்சர்' என்று பெரிய இதழ்களில் கட்டுரை மேல் கட்டுரை. நோபல் வாங்குவார் என்றே பேச்சு. வேறு வேறு சோதனைகளுக்கு ஒரே வரைபடத்தைப் போட்டிருந்தது மாட்டியது. விசாரணைக்குழு நோட்டைக் கேட்டது. ஒழுங்கான லேப் நோட்டே இல்லை. மூலத் தரவு? கம்ப்யூட்டரில் இடமில்லை, அழித்துவிட்டேன் என்றார். 2002 செப்டம்பரில் அறிக்கை வந்தது. 24 குற்றச்சாட்டுகளில் 16-ல் முறைகேடு உறுதியானது, அன்றே வேலை போனது.

அது ஆராய்ச்சி, நமக்கு எதற்கு என்பீர்கள். நம் வகுப்பில் ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். மருந்து கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகிறவர்கள்தான் நிறைய. அங்கே என்ன நடந்தது? 2013 மே மாதம் ரான்பாக்ஸியின் அமெரிக்கத் துணை நிறுவனம் அங்குள்ள நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கட்டிய பணம், மொத்தம் 50 கோடி டாலர். குற்றங்களில் ஒன்று என்ன தெரியுமா? மருந்து எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று பார்க்கும் சோதனைகளின் தேதிகளைப் பற்றிப் பொய் சொன்னது. மாத இடைவெளியில் செய்ய வேண்டிய சோதனைகளை ஒரே நாளிலோ ஓரிரு நாட்களுக்குள்ளோ செய்திருக்கிறார்கள். செமஸ்டர் கடைசி வாரத்தில் மொத்த ரெக்கார்டையும் உட்கார்ந்து எழுதி, ஒவ்வொரு சோதனைக்கும் முன்தேதி போடுகிறோமே, நினைவு வருகிறதா? அதே வேலைதான். இங்கே அதற்குக் கையெழுத்து போட்டுக் கொடுக்கிறார்கள், அங்கே வழக்கு போடுகிறார்கள்.

மருந்துத் துறையில் 'அல்கோவா' என்று ஒரு மந்திரம் உண்டு. சைவர்களுக்கு ஐந்தெழுத்து மாதிரி, இவர்களுக்கு ஐந்து ஆங்கில எழுத்து. எழுதியது யார் என்று தெரிய வேண்டும். படிக்க முடிய வேண்டும். நடந்தபோதே எழுதியிருக்க வேண்டும். நகலாக இல்லாமல் மூலமாக இருக்க வேண்டும். சரியாக இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் நம் ரெக்கார்டு நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிக்க முடிகிறது என்ற ஒன்றில்தான் பாஸ். மற்ற நாலிலும் அரியர்.

அப்படியானால் நல்ல லேப் நோட்டு எப்படி இருக்கும்? ஒன்றும் பெரிய விஷயமில்லை. தைத்த நோட்டு. பக்கத்துக்கு எண். பேனா மட்டும். தேதியும் நேரமும். துண்டுக் காகிதம், உள்ளங்கை, செல்போன் எதிலும் 'அப்புறம் எழுதிக்கொள்ளலாம்' என்று குறிக்கக் கூடாது. ரீடிங் எடுத்தவுடன் நேராக நோட்டில். தப்பானால் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரியும்படி, பக்கத்தில் ஏன் அடித்தோம் என்று காரணம். 'டைட்டர் 19.6' என்று மட்டும் எழுதாமல், ஆரம்ப ரீடிங், முடிவு ரீடிங் இரண்டும். எந்த பாட்டில், அதன் லேபிளில் என்ன, என்றைக்குத் தயாரித்தது. பெர்மாங்கனேட் கருஞ்சிவப்பாக இருப்பதால் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்றால் அதையும் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, புரியாததை எழுத வேண்டும். 'நிறம் அரை நிமிடத்தில் மறைந்தது, ஏன் என்று தெரியவில்லை.' இந்த ஒரு வரிக்கு என் ரெக்கார்டு முழுவதும் ஈடாகாது.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்க விரும்பவில்லை. எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்போம்.

'ரெக்கார்டு எழுதினால் ஒழுங்கும் சுத்தமும் வரும்' என்கிறார்கள். வரட்டும். லேபிலேயே சுத்தமாக எழுதப் பழக்குங்கள். மறுபடி எழுதுவது சுத்தம் இல்லை, ஒப்பனை.

'அறுபது பேர் வகுப்பு, இரண்டு ஆசிரியர், எப்படி எல்லா அப்சர்வேஷனையும் பார்ப்பது?' நியாயமான கேள்வி. இதற்கு நான் ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் இப்போது என்ன நடக்கிறது? அறுபது ரெக்கார்டை வீட்டுக்குச் சுமந்துபோய், யாரும் படிக்காத பக்கங்களில் சிவப்பு மையில் டிக் அடிக்கிறார்கள். அந்த நேரத்தை லேபில் செலவிட்டால் போதும். வகுப்பு முடிந்து வெளியே போகும் முன் அன்றைய பக்கத்தில் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு, ஒரு கையெழுத்து. அதற்குப் பிறகு யாரும் எதையும் சேர்க்க முடியாது. ஆளுக்கு அரை நிமிடம்.

'பழைய ப்யூரெட், ஒழுகும் குழாய், காலாவதியான ரசாயனம். இதை வைத்துக்கொண்டு சரியான விடை எப்படி வரும்? பையன்கள் பாவம், அட்ஜஸ்ட் செய்துகொள்கிறார்கள்' என்பது மூன்றாவது வாதம். இதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது. ப்யூரெட் ஒழுகுகிறது என்றால் 'ப்யூரெட் ஒழுகுகிறது' என்று எழுத விடுங்கள்! அறுபது நோட்டில் அந்த வரி இருந்தால் புது ப்யூரெட் வாங்க அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? நாம் எல்லாரும் 19.6 என்று எழுதிக்கொண்டிருக்கும்வரை ஆவணப்படி நம் லேப் உலகத்தரம். நம் பொய்தான் அந்த ஓட்டை ப்யூரெட்டைக் காப்பாற்றுகிறது.

கடைசியாக 'மதிப்பெண்'. இங்கேதான் ஆணிவேர் இருக்கிறது. விடை எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து மதிப்பெண் போட்டால் எந்த மாணவனும் விடையைத்தான் தேடுவான், அவன் மேல் தப்பில்லை. 20.3 வந்தவன் அதை எழுதி, ஏன் வந்திருக்கலாம் என்று இரண்டு காரணம் யோசித்து, ஒன்றைச் சோதித்தும் பார்த்தால், 19.6 வந்தவனைவிட அவனுக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். ஒரே ஒரு செமஸ்டர் செய்து பாருங்கள். ஒயிட்னர் விற்பனை தானாகக் குறையும்.

ஆசிரியர்கள் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு டேபிளில் நாலு பேர் நினைத்தால் போதும். அன்றைக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து பொய் சொன்னோம். நாலு பேர் சேர்ந்து உண்மையும் எழுதலாம். இந்த வருடம் நான் ஆரம்பித்துவிட்டேன். போன வாரம் எனக்கு வந்த ரீடிங் வகுப்போடு ஒத்துப்போகவில்லை. அப்படியே எழுதினேன், மதிப்பெண் குறைந்தது. காரணம் இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் அந்த எண் என் நோட்டில் அப்படியே இருக்கிறது. என்றைக்காவது கிடைக்கும்.

பி.கு: ரெக்கார்டு கேட்டு வரும் ஜூனியர்களுக்கு: என் இரண்டாம் ஆண்டு நோட்டை யாருக்கும் தருவதாக இல்லை. பெர்மாங்கனேட் பக்கத்தில் இருக்கும் 19.6 பொய். அதை நீங்களும் காப்பி அடித்து, அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துவிடாதீர்கள்.